உறைக்கு ஒரு கரண்டி

சிப்பி என்றவுடன் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு ஞாபகம் வருவது முத்துதான். தூத்துக்குடிக் கடல், முத்துக் குளிப்பவர்கள், அப்புறம் நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட் மெத்தைமேல் சொகுசாகப் படுத்திருக்கும் மாலை, அதன் விலைச்சீட்டு, அந்தச் சீட்டைப் பார்த்து வீட்டுக்காரர் விடுகிற பெருமூச்சு - இத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக மனக்கண்முன் வந்து நிற்கும்.

இந்த வாரம் நான் சொல்லப்போகிற சிப்பி வேறு ஜாதி. இதற்குள் நகைக்கு ஆகிற முத்து விளைவதில்லை. ஆகையால் வீட்டுக்காரர்கள் பயப்படாமல் இந்தப் பக்கத்தை மனைவி கையில் கொடுக்கலாம்! இது தின்னும் சிப்பி. நம் கடற்கரையோரத்தில் இதற்கு 'ஆளி' என்று பெயர். மலையாளத்தில் 'கடல் முரிங்ங' என்கிறார்கள். பெயரைக் கேட்டு யாரும் சாம்பாருக்குப் புளி கரைத்துவிட வேண்டாம்; முருங்கைக்காய்க்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

சைவக் குடும்பத்துச் சகோதரிகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு தொடர்கதைப் பக்கத்துக்குத் தாவிவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். நான் சமைக்கச் சொல்லி எழுதவில்லை. நம் சமையலறையில் தினந்தோறும் நாம் அனுஷ்டிக்கிற ஒரு சின்ன தர்மத்தை ஒரு தேசத்தார் மறந்தார்கள். மறந்ததன் பலனாக 200 மைல் நீளமுள்ள ஒரு வளைகுடாவையே பாழாக்கினார்கள். பிறகு நூறு வருஷம் கழித்து அந்தத் தர்மத்தை ஞாபகப்படுத்திக்கொண்டு, இழந்ததை மீட்க ஆரம்பித்திருக்கிறார்கள். அந்தக் கதைதான் இது.

அந்தத் தர்மம் எது என்று கேட்கிறீர்களா? ராத்திரி பாலைக் காய்ச்சி ஆற வைத்து, அதில் ஒரு கரண்டி பழைய தயிரை விட்டு மூடி வைக்கிறோமே, அதுதான். தயிர் எவ்வளவு ருசியாக இருக்கட்டும், விருந்தாளிகள் எத்தனை பேர் வரட்டும், குழந்தை எவ்வளவுதான் அழட்டும். உறைக்கு ஒரு கரண்டியை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் மற்றதைப் பரிமாறுவோம். பாத்திரத்தைத் துடைத்துக் கொட்டிவிட்டால் மறுநாள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதுதான். ஆளிக்கும் இப்படி ஓர் உறை உண்டு. அது அதன் ஓடு.

ஒட்டிக்கொள்ள ஓர் இடம்

ஆளியின் ஜாதகம் வேடிக்கையானது. ஜலத்திலே தாய் முட்டைகளை விடும். ஒன்று இரண்டல்ல, லட்சக்கணக்கில், சமயத்தில் கோடிக்கணக்கில் விடும். முட்டையிலிருந்து வெளிவருகிற குஞ்சு கண்ணுக்குப் புலப்படாத பொடி. இரண்டு மூன்று வாரம் அது நீரோட்டத்தோடு மிதந்து திரியும். அதற்குள் அதற்கு ஒரு சின்னக் கால் முளைத்துவிடும். அந்தக் காலால் தடவித் தடவிப் பார்த்து, குடியிருக்க ஒரு கெட்டியான இடம் தேடும். சேறு உதவாது, சேற்றில் விழுந்தால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். கல் இருந்தால் சரி. ஆனால் அதற்கு மிகவும் பிடித்தமான இடம் இன்னோர் ஆளியின் ஓடுதான். இடம் கிடைத்ததும், தன் உடம்பிலிருந்தே ஒருவிதப் பசையைச் சுரந்து, அந்த ஓட்டின்மேல் தன்னை ஒட்டிக்கொண்டுவிடும். அவ்வளவுதான்! புக்ககம் போன பெண்ணாவது ஆடி மாசத்துக்குப் பிறந்தகம் வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போவாள். இது ஒட்டிய இடத்தைவிட்டு ஆயுள் முழுவதும் அசையாது.

இன்னொரு விசித்திரம். பெரும்பாலான ஆளிகள் முதலில் ஆணாக இருந்து, வயது ஏற ஏறப் பெண்ணாக மாறுகின்றன. அனுபவம் முதிர்ந்தால்தான் பெண் என்கிற பதவி கிடைக்கும் போலிருக்கிறது!

ஓட்டின்மேல் குஞ்சு, அந்தக் குஞ்சு வளர்ந்த ஓட்டின்மேல் அதன் சந்ததி, அதன்மேல் அடுத்த தலைமுறை. இப்படியே நூற்றாண்டுக் கணக்கில் அடுக்கடுக்காக உயர்ந்து கடலடியில் ஒரு மேடு உண்டாகிறது. தூத்துக்குடிக்காரர்கள் முத்துச் சிப்பி விளைகிற இடத்தைப் 'பார்' என்கிறார்களே, அதே வார்த்தையை இதற்கும் வைத்துக்கொள்வோம். அந்தப் பாரின் இண்டு இடுக்குகளில் மீன் குஞ்சு ஒளிந்துகொள்ளும். நண்டு குடித்தனம் பண்ணும். அலையின் வேகத்தை வாங்கிக்கொண்டு கரையையும் காப்பாற்றும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. ஆளிக்கு ஆகாரம் ஜலத்தில் மிதக்கிற நுண்ணிய பாசி. ஜலத்தை உள்ளே இழுத்து, பாசியை வடிகட்டித் தின்றுவிட்டு, தெளிந்த ஜலத்தை வெளியே விடும். நன்றாக வளர்ந்த ஓர் அமெரிக்க ஆளி, பருவநிலை அனுகூலமாக இருந்தால், நாள் ஒன்றுக்கு 190 லிட்டர் வரையில் வடிகட்டும் என்கிறார்கள். நம் பெரிய குடத்தால் பன்னிரண்டு குடம்! நாம் ஒரு குடம் ஜலத்துக்குத் தெருக்குழாயில் எத்தனை நாழி நிற்கிறோம் என்பதை நினைத்துப் பார்த்தால், உள்ளங்கையில் அடங்குகிற இந்தப் பிராணியின் உழைப்பு புரியும்.

அள்ளி அள்ளித் தின்றார்கள்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், மேரிலாண்டு, வர்ஜீனியா என்ற இரண்டு மாநிலங்களுக்குள் புகுந்து கிடக்கிறது செசபீக் வளைகுடா. ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் 1608-ல் படகில் சுற்றிப் பார்த்தபோது அங்கே ஆளிப் பார்கள் மண்டிக் கிடந்தன. அந்த ஊர் ஆதிக்குடிகள் ஆயிரக்கணக்கான வருஷங்களாக அவற்றைத் தின்று வந்தார்கள். அப்படியும் அவை குறையவில்லை.

1865-ல் அமெரிக்க உள்நாட்டு யுத்தம் முடிந்தது. அதற்குப் பிறகு ரயில் பாதைகள் பெருகின. பால்டிமோர் நகரத்தில் ஆளியை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைகள் கொழித்தன. கடலையே பார்த்திராத உள்நாட்டு ஊர்களிலெல்லாம் சாப்பாட்டு மேஜையில் ஆளி வந்து உட்கார்ந்தது. படகுகள் இரும்புப் பல் வைத்த வலைகளைக் கடலடியில் இழுத்துக்கொண்டு போய்ப் பாரையே சுரண்டி எடுத்தன. சண்டை சச்சரவு முற்றித் துப்பாக்கிச் சூடு வரையில் போயிற்று. 1868-ல் மேரிலாண்டு சர்க்கார் ஆளிக்கென்றே தனியாக ஒரு நீர்ப் போலீஸ் படை வைக்க வேண்டி வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்! 1880-களின் நடுவில் மேரிலாண்டில் மட்டும் ஒரு பருவத்தில் அள்ளிய ஆளி சுமார் 1 கோடியே 50 லட்சம் புஷல். புஷல் என்பது நம் கணக்கில் ஒரு பெரிய கூடை.

கூடை கூடையாகச் சதையைத் தின்றார்கள். சரி, ஓடு எங்கே போயிற்று? அங்கேதான் இருக்கிறது விஷயம். ஓட்டைச் சாலையில் கொட்டினார்கள். சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். வயலில் போட்டார்கள். பொடியாக்கிக் கோழிக்குத் தீனியாகப் போட்டார்கள். கிரிஸ்பீல்டு என்ற கடற்கரை ஊரில் ஒரு பகுதி, கடலோரத்தில் கொட்டிய சிப்பி ஓட்டுக் குவியலின்மேலேயே எழும்பியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஓடு பயன்பட்டது. ஆளிக் குஞ்சுக்கு மட்டும் இல்லை. தயிரையும் தின்றார்கள், உறை மோரையும் குடித்தார்கள், பாத்திரத்தையும் வழித்தார்கள்.

எச்சரிக்க ஆள் இல்லாமல் இல்லை. வில்லியம் புரூக்ஸ் என்று பால்டிமோரில் ஒரு பேராசிரியர். அமெரிக்க ஆளியின் முட்டையைத் தாயின் உடம்புக்கு வெளியே கண்ணாடிப் பாத்திரத்தில் பொரிக்க வைத்துக் காட்டியவர். இந்த வேகத்தில் அள்ளினால் பார்கள் அழிந்துபோகும், நெல்லை விதைத்து அறுக்கிற மாதிரி ஆளியையும் பயிர் செய்தாக வேண்டும் என்று அவர் வாதாடினார். 1891-ல் ஆளியைப் பற்றி ஒரு புஸ்தகமே எழுதினார். வருமானம் கொழிக்கிற காலத்தில் சிக்கனம் பேசுகிறவர்களுக்கு வீட்டிலேயே மதிப்பில்லை. நாட்டில் மட்டும் இருக்குமா?

விளைச்சல் சரிந்தது. வயல்களிலிருந்து மண்ணும் உரமும் அடித்துக்கொண்டு வந்து, மிச்சமிருந்த பார்களைச் சேறு மூடியது. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் இரண்டு கொள்ளை நோய்கள் வேறு வந்து சேர்ந்தன. அவை மனிதர்களை ஒன்றும் செய்யாது. ஆளிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றன. ரோஜர் நியூவெல் என்ற விஞ்ஞானி 1988-ல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். 1870-க்கு முன் இருந்த ஆளிகள் வளைகுடாவின் ஜலம் பூராவையும் ஒரு வாரத்துக்குள் வடிகட்டியிருக்கும். 1988-ல் மிஞ்சியிருந்தவற்றுக்கு அதே வேலைக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் பிடிக்கும். ஜலம் ஏன் கலங்கியது, மீன் ஏன் குறைந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை.

ஹோட்டலிலிருந்து கடலுக்கு

இனிமேல் நல்ல செய்தி. 2010-லிருந்து அந்தப் பக்கத்து ஹோட்டல்களில் ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. சாப்பிட்டு முடித்த தட்டிலிருந்து ஆளி ஓடுகளைத் தனித் தொட்டியில் போட்டு வைக்கிறார்கள். வண்டி வந்து வாங்கிக்கொண்டு போகிறது. ஓட்டைத் திருப்பிக் கொடுப்பவர்களுக்கு மேரிலாண்டு சர்க்கார் வருமான வரியில் சலுகை கூடக் கொடுத்தது. எச்சில் ஓட்டுக்கு வரிச் சலுகை! கோழிக்குப் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் செய்கிற பிராயச்சித்தம் இது.

சேர்த்த ஓடுகளை வெட்டவெளியில் சுமார் ஒரு வருஷம் காயப் போடுகிறார்கள். ஒட்டியிருக்கிற சதையெல்லாம் மக்கி உதிர்ந்து சுத்தமான பிறகு கழுவி, இரும்புக் கூண்டுகளில் அடைத்து, பெரிய ஜலத்தொட்டிகளில் இறக்குகிறார்கள். கேம்பிரிட்ஜ் என்று மேரிலாண்டில் ஓர் ஊர்; அங்கே ஹார்ன் பாயின்ட் ஆராய்ச்சிசாலையில் ஆளி முட்டைகளைப் பொரித்துக் குஞ்சுகளை வளர்க்கிறார்கள். இடம் தேடுகிற பருவம் வந்ததும் அந்தக் குஞ்சுகளைத் தொட்டிக்குள் விடுகிறார்கள். சில நாளில் அவை ஓடுகளில் ஒட்டிக்கொள்கின்றன. ஓர் ஓட்டில் பத்துக் குஞ்சு வரையில் குடியேறும். அப்புறம் படகில் ஏற்றிக்கொண்டு போய், தேர்ந்தெடுத்த ஓடைகளிலும் ஆற்று முகத்துவாரங்களிலும் கொட்டுகிறார்கள்.

ஹாரிஸ் கிரீக் என்ற ஓர் ஓடையில் மட்டும் 2011-லிருந்து 2015 வரையில் சுமார் 350 ஏக்கர் பரப்பில், 200 கோடிக்கு மேற்பட்ட குஞ்சுகளை இப்படி விதைத்தார்கள். ஆறு வருஷம் கழித்து இறங்கிப் பரிசோதித்தபோது, அநேகமாக எல்லாப் பார்களிலும் எதிர்பார்த்த அளவுக்குக் குறையாமல் ஆளி பிழைத்திருந்தது.

இதிலே மனசை உறுத்துகிற ஒரு சமாசாரம் உண்டு. அவ்வளவு பெரிய வேலைக்கு வேண்டிய ஓடு அந்த மாநிலத்தில் கிடைக்கவில்லை! ஒரு காலத்தில் ஓட்டைக் கொட்டி ஊரையே எழுப்பியவர்கள், புளோரிடாவில் பூமியைத் தோண்டி எடுத்த புராதனச் சிப்பி ஓடுகளை ரயிலில் வரவழைத்தார்கள். அதுவும் போதாமல் பல இடங்களில் கருங்கல்லைப் போட்டு ஒப்பேற்றினார்கள். உறை மோருக்கு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்றேனே, இதைத்தான் சொன்னேன்.

நியூயார்க் துறைமுகத்திலும் இப்படி ஒரு முயற்சி நடக்கிறது. 2035-க்குள் நூறு கோடி ஆளிகளை வாழ வைப்பது என்ற சங்கல்பத்துடன் 2014-ல் தொடங்கினார்கள். அங்கே கவர்னர்ஸ் தீவில் உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் மாணவிகளும் பாடத்தோடு பாடமாக இந்த வேலையைச் செய்கிறார்கள். அந்த ஆளிகளை யாரும் தின்னக் கூடாது. துறைமுகத்து ஜலம் அதற்கு லாயக்கில்லை. தின்பதற்கு இல்லாத ஒன்றை, ஜலமும் மீனும் பிழைக்க வேண்டுமே என்பதற்காகக் குழந்தைகள் வளர்க்கிறார்கள்.

வாசற்படியில் ஒரு கூண்டு

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தது வீட்டுக்காரர்களின் பங்குதான். செசபீக் கரையில் குடியிருப்பவர்கள் பலர் வீட்டுக்குச் சொந்தமாகச் சின்னப் படகுத்துறை வைத்திருக்கிறார்கள். 2008-ல் டிரெட் ஏவன் என்ற ஆற்றங்கரையில் ஓர் ஏற்பாடு ஆரம்பமாயிற்று. துறை உள்ள வீடுகளுக்கெல்லாம் கம்பிக் கூண்டு கொடுத்தார்கள். உள்ளே குஞ்சு ஒட்டிய ஓடுகள். கூண்டுகளைச் செய்து கொடுத்தவர்கள் யார் தெரியுமா? அந்த மாநிலத்துச் சிறைக் கைதிகள்.

இலையுதிர் காலத்தில் கூண்டு வீட்டுக்கு வரும். துறையிலிருந்து கயிற்றில் கட்டி ஜலத்துக்குள் தொங்கவிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை தூக்கி, நாலு குலுக்குக் குலுக்கி, ஒட்டியிருக்கிற சேற்றை அலசிவிட்டு மறுபடி இறக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. வெள்ளிக்கிழமை தோறும் குத்துவிளக்குத் தேய்க்கிற நமக்கு இது ஒரு பிரமாதமா? மறு வருஷக் கோடை வருவதற்குள் குஞ்சுகள் ஓரளவு பெரிசாகிவிடும். திரும்ப வாங்கிக்கொண்டு போய், யாரும் அள்ளக் கூடாது என்று ஒதுக்கி வைத்திருக்கிற பார்களில் விட்டுவிடுவார்கள். வளர்த்தவர்களுக்கு ஒரு காசு கிடையாது. ஓர் ஆளி கூடத் தின்னக் கிடையாது. அப்படியும் நூற்றுக்கணக்கான வீடுகள் சேர்ந்தன.

படகுக்காரரின் வழக்கு

எல்லாருக்கும் இதில் சந்தோஷம் என்று சொன்னால் அது பொய். தலைமுறை தலைமுறையாக ஆளி அள்ளிப் பிழைக்கிற படகுக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்கள் கதி என்ன? மேரிலாண்டு சர்க்கார் 2010-ல் நல்ல பார்களில் சுமார் கால் பங்கை அள்ளுவதற்கு இல்லை என்று ஒதுக்கியபோது அவர்கள் வெகுண்டார்கள். "எங்கள் பாட்டனார்கள் அள்ளிய இடத்தில் எங்களை ஏன் தடுக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. உறைக்கு ஒரு கரண்டி ஒதுக்குவது நல்ல தர்மம்தான். ஆனால் அந்த ஒரு கரண்டி யாருடைய இலையிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா?

இதற்கு ஒரு வழியாகத்தான் ஆளிப் பண்ணைகள் வந்தன. 2009-ல் மேரிலாண்டு சட்டத்தைத் திருத்தி, கடலடியைச் சிறு சிறு பாத்திகளாகக் குத்தகைக்கு விட வழி செய்தது. குஞ்சை விலைக்கு வாங்கி, கூண்டிலோ தரையிலோ வளர்த்து, விற்றுப் பிழைக்கலாம். பண்ணை ஆளிக்குத் தீனி வைக்க வேண்டாம், உரம் போட வேண்டாம், மருந்து தெளிக்க வேண்டாம். ஜலத்தில் இருப்பதைத் தின்றுகொண்டு, இருக்கிற வரையில் ஜலத்தைத் தெளிய வைத்துக்கொண்டு வளர்கிறது. இப்படிப்பட்ட பயிர் உலகத்தில் ரொம்பக் கொஞ்சம்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. பண்ணை வேறு, பார் வேறு. சீக்கிரம் வளர வேண்டும் என்பதற்காகப் பண்ணைக்காரர்கள் பெரும்பாலும் சந்ததி இல்லாத ரகத்தையே வளர்க்கிறார்கள். அதற்குக் குஞ்சு பிறக்காது; அறுவடையானால் பாத்தி காலி. பண்ணையினால் ஒரு குடும்பம் பிழைக்கும், பாரின்மேல் விழுகிற கை குறையும். ஆனால் பார் தானாக வளராது. அதற்கு ஓடு திரும்பி வந்தே தீர வேண்டும்.

கயிற்றில் கோத்த ஓடுகள்

இனி நம் பக்கம் வருவோம். நம் உப்பங்கழிகளில் விளைகிற ஆளிக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'கிராசோஸ்டிரியா மதராசென்ஸிஸ்'. பெயரிலேயே மதராஸ் இருக்கிறது! 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதராஸ் மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கிலேயர் பழவேற்காடு ஏரியில் ஆளி வளர்த்துப் பார்த்தார். அப்போது அது வேரூன்றவில்லை. பிறகு 1970-களில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் தூத்துக்குடியில் நம் கடலுக்கு ஏற்ற வளர்ப்பு முறையைக் கண்டு தேர்ந்தார்கள். தூத்துக்குடியில் கற்ற வித்தை, 1990-களில் கேரளத்தில் போய்ப் பலித்தது. கொல்லத்தை அடுத்த அஷ்டமுடிக் காயலிலும், எர்ணாகுளம் ஜில்லாவில் மூத்தகுன்னம் பக்கத்துக் காயல்களிலும் பண்ணைகள் தோன்றின. அங்கே இதை எடுத்து நடத்துகிறவர்களில் பெரும் பங்கு பெண்கள். சுய உதவிக் குழுக்களாகச் சேர்ந்து செய்கிறார்கள்.

முறை மிகவும் எளிது. காலி ஆளி ஓடுகளைக் கழுவி, நடுவில் துளை போட்டு, ஒரு நைலான் கயிற்றில் ஐந்தாறு ஓடுகளைச் சாண் இடைவெளிவிட்டுக் கோத்துக்கொள்கிறார்கள். பூத்தொடுக்கத் தெரிந்த கைகளுக்கு இது கற்றுக்கொடுக்க வேண்டாத வேலை. ஆழமில்லாத காயலில் மூங்கிலோ சவுக்கோ நட்டுப் பந்தல் கட்டி, அதிலிருந்து இந்தச் சரங்களைத் தொங்கவிடுகிறார்கள். மழைக்காலம் ஓய்ந்து, ஜலத்தில் மறுபடி உப்பு ஏறி, காயலில் குஞ்சுகள் மிதக்கிற சமயம் பார்த்து, நவம்பர், டிசம்பரில் இதைச் செய்கிறார்கள். குஞ்சுகள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்கின்றன. குஞ்சை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. ஆறேழு மாசத்தில் ஆளி கனத்துவிடும். ஜூன் மாசம் மழை இறங்குவதற்குள் அறுத்துவிட வேண்டும். தாமதித்தால் காட்டாற்று நல்ல ஜலம் வந்து கலந்து உப்பைக் கரைத்துவிடும், ஆளி மடிந்துபோகும், ஆறு மாச உழைப்பும் ஒரு மழையில் போய்விடும்.

வேறோர் அபாயமும் இருக்கிறது. ஜலத்தை வடிகட்டுகிற பிராணி, ஜலத்தில் உள்ள அசுத்தத்தையும் கிருமியையும் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஆகையால் அறுத்த ஆளியைச் சுத்தமாக்கிய உப்பு ஜலத்தில் ஒரு நாள் போட்டு வைத்து, உள்ளே இருப்பதைக் கழிய விட்ட பிறகே விற்க வேண்டும். காயலில் சாக்கடை கலந்தால் இவர்கள் பிழைப்பில் மண் விழுந்தது என்று அர்த்தம். எனவே, ஆளி வளர்க்கிற பெண்ணுக்குத் தன் வீட்டுக் கிணற்றைப் போலக் காயலையும் காக்க வேண்டியிருக்கிறது. ஜலம் கெட்டால் முதலில் நஷ்டப்படுகிறவள் அவள். ஆகவே முதலில் குரல் கொடுக்கிறவளும் அவளாகவே இருப்பாள். எத்தனை அறிவிப்புப் பலகை வைத்தாலும் இதற்கு ஈடாகாது.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

ஆளி வாங்கிச் சமைக்கிற சகோதரிகள் சில விஷயங்களைக் கவனத்தில் வைக்க வேண்டும். எந்த ஜலத்திலிருந்து வந்தது, சுத்தம் செய்யப்பட்டதா என்று விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். உயிருள்ள ஆளியின் ஓடு இறுக மூடியிருக்கும். திறந்திருந்தால் தட்டிப் பாருங்கள், மூடிக்கொள்ள வேண்டும். மூடாததைத் தூர எறிந்துவிடுங்கள். மேல்நாட்டார் பச்சையாகச் சாப்பிடுகிறார்களே என்று நாமும் துணிய வேண்டாம். நன்றாக வேகவைத்தே உண்ணுங்கள். கர்ப்பிணிகளும் சிப்பி வகை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

கடைசியாக, ஓட்டைப் பற்றி. நம் தேசத்திலும் கிளிஞ்சலையும் சிப்பியையும் சுட்டுத்தான் தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்பு செய்தோம். பாட்டி வெற்றிலையில் தடவிக்கொண்டதும் அதுதான். பழைய வீட்டுச் சுவர் இன்றும் பளபளப்பதும் அதனால்தான். அது ஒன்றும் குற்றமில்லை. ஆனால் எடுப்பதற்கு ஒரு கணக்கு வேண்டும், திருப்புவதற்கும் ஒரு கணக்கு வேண்டும். செசபீக்கில் முதல் கணக்கை மட்டும் எழுதினார்கள். இரண்டாவது கணக்கை எழுத ஆரம்பிக்க அவர்களுக்கு நூறு வருஷமும், ரயில் ரயிலாகப் புளோரிடா ஓடும் பிடித்தன.

கேரளத்துக் காயலோரத்தில் அவ்வளவு செலவு இல்லை. சதையை எடுத்த பிறகு குவிந்து கிடக்கும் ஓடுகளில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, துளை போட்டு, மறு பருவத்துக்குச் சரம் கோக்கலாம். நவம்பரில் பந்தலில் தொங்கப்போகிற ஓடு, முந்தின மே மாசம் யாரோ ஒரு குடும்பத்துக்கு அரிசி வாங்கிக் கொடுத்த ஆளியினுடையது.